கஷிரா கோதண்டம்

உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கலாம். ஆனால் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை இரண்டுதாம், ஒன்று தமிழ், மற்றது ஜப்பானியம், கடல் பிரித்தாலும் உதிரம் பிரியாது என்று 1991 ஜனவரியில், பென்னலூர் பக்கத்து ஆயில் சீல் தொழிற்சாலையின் கொடிமரத்தடியில் நின்று பர்சனல் மேனேஜர் நடேசன் அறிவித்தார். அறிவித்த கால் மணி நேரத்தில், அன்றுதான் வந்து இறங்கியிருந்த ஜப்பானிய இன்ஜினியர் மோரியாமா அவரை நெருங்கி, கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று தம் மொழியில் கேட்டார். நடேசன் கேண்டீனைக் காட்டினார்.

உதவிக்கு ஓடி வந்தவர் டைம் ஆபீஸ் கிளார்க் கோதண்டம். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, சொந்த ஊர் மணிமங்கலம். மேலுதட்டை முழுக்க மூடி இரண்டு பக்கமும் இறங்கிய மீசை. அவர் ஜப்பானிய மொழியில் வழி சொன்னார். மோரியாமா உடனே நகரவில்லை. கோதண்டத்தின் முகத்தை, குறிப்பாக அந்த மீசையை, சற்று நேரம் பார்த்தார். பிறகு, இருந்த அவசரத்தையும் மறந்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். தன் உச்சரிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று கோதண்டம் எடுத்துக்கொண்டார்.

பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதை அது. எண்பதாம் வருஷம், ஜப்பான்காரர்கள் மோட்டார் சைக்கிள் செய்ய இந்தியாவுக்கு வரப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, நுங்கம்பாக்கத்தில் நடந்த மாலை வகுப்பில் அவர் சேர்ந்தார். வாரத்தில் இரண்டு நாள் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பஸ். வகுப்பில் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். ஜப்பானிய மொழிக்கு ஒன்றுக்கு மூன்று எழுத்து முறை உண்டு என்று தெரிந்ததும் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். ஏழாவது ஆள் துபாய் போனான். கடைசியில் மிஞ்சியது கோதண்டமும் சொல்லிக்கொடுத்த ஜப்பானிய அம்மாளும்தான். ஏதோ ஒரு வர்த்தக கம்பெனி அதிகாரியின் மனைவி அந்த அம்மாள். இரண்டு வருஷத்தில் கணவருக்கு மாற்றலானபோது ஓர் அகராதியையும் இருபத்திரண்டு கேசட்டுகளையும் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கேசட்டுகளில் இருந்தது பாடம் இல்லை. ஜப்பானிலிருந்த டீச்சரம்மாவின் தாய், டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்து மகளுக்கு அனுப்பிய குடும்பத் தொடர் ஒன்று. ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள், பக்கத்து வீட்டுக்காரி. நாள் முழுக்கப் பேச்சுதான். ஆண்களும் இருந்தார்கள். அவர்கள் பேப்பர் படித்துக்கொண்டு ‘ம்’ என்பார்கள். கோதண்டம் அந்தத் தொடரை ஒன்பது வருஷம் கேட்டு, நெட்டுருப் போட்டு, ஸ்ரீபெரும்புதூரில் தன் வாடகை அறைச் சுவரைப் பார்த்துப் பேசிப் பேசிப் பழகினார். வீட்டுக்கார முனியம்மாள் முதல் வாரமே கதவைத் தட்டி, “இன்னா தம்பி, உள்ள யாரோ பொம்பளைங்க கொரல் கேக்குது? கல்யாணம் ஆவலன்னு சொல்லித்தானே வூடு புடிச்ச?” என்று விசாரித்தாள். கேசட்டைப் போட்டுக் காட்டிய பிறகு, அவர் ஏதோ சீன தேசத்து சாமி கும்பிடுகிறார் என்று முடிவு செய்து விட்டுவிட்டாள்.

மோரியாமா வந்த நாளிலிருந்து கோதண்டம் மொழிபெயர்ப்பாளர் ஆனார். பதவியின் பெயர் டைம் ஆபீஸ் கிளார்க்தான். உட்கார்ந்த நாற்காலியும் பழையதுதான். ஆனால் பிரஸ் லைனில் எந்த மெஷின் நின்றாலும் அவரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அவர் ‘கஷிரா’ என்று ஓர் இழுப்பு இழுப்பதைத் தொழிலாளர்கள் கவனித்தார்கள். இருக்குமோ, என்னமோ என்பது மாதிரி ஒரு சொல் அது. டை தேய்ந்துவிட்டது, கஷிரா. ரப்பரில் ஈரம் இருக்கிறது, கஷிரா. பிரஸ் ஆபரேட்டர் மாரி அதைக் கேட்டுக் கேட்டு, அது ஏதோ ஜப்பானில் கொடுக்கிற பட்டம் என்று நினைத்து, அவரைக் கஷிரா அண்ணன் என்றே கூப்பிடத் தொடங்கினான். லைன் முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நடேசனுக்கு அந்தச் சொல் ஒரு புதையலாக அகப்பட்டது. கசிவு என்பதுதான் கஷிரா, உள்ளத்தில் ஐயம் கசிகிற இடத்தில் அது வருகிறது, நம் முன்னோர் கப்பலில் கொண்டுபோன சொல் என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினார். மோரியாமா பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் சொல்லும் ‘அனோ’ நம்முடைய ‘ஆனா’தான் என்பது அவர் அடுத்த வாரம் கண்டுபிடித்தது.

மோரியாமாவுக்கு நாற்பத்தெட்டு வயது. நகோயாவுக்குப் பக்கத்தில் வீடு; மனைவியும் பத்தொன்பது வயது மகளும் அங்கே இருந்தார்கள். குடும்பத்தை விட்டுவிட்டுக் கம்பெனி அனுப்புகிற ஊரில் தனியாகக் கிடக்கிற ஆம்பிளைகளுக்கு ஜப்பானில் தன்ஷின் ஃபுனின் என்று ஒரு பெயரே இருக்கிறது, அந்த அளவுக்கு அவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அவர் கோதண்டத்திடம் சொன்னார். இதைக் கேட்ட நடேசன், தன்ஷின் என்றால் தனிச் சென்றான் என்று உடனே பொருள் சொன்னார். அவர் சொன்னதில் பொருள் சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

கெஸ்ட் ஹவுஸ் என்பது ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீடு. சமையல்காரர் தயிர்சாதம் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு எடுத்துக்கொள்வார். அன்றைக்குக் காலை பத்து மணிக்குக் கோதண்டம் போவார். வெயில் ஏறி இறங்கும் வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசுவது பெரும்பாலும் கோதண்டம்தான். மோரியாமா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ‘ம்’ என்பார். கேசட்டில் கேட்டது மாதிரியே இருக்கிறதே என்று கோதண்டத்துக்கு அதில் ஒரு திருப்தி.

மாதம் ஒரு தடவை மோரியாமா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்வார். மனைவி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேர வேலைக்குப் போய், இப்போது மீன் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆகியிருந்தாள். அவள் போனில் பேசுவது வேலை முடிந்து அறிக்கை கொடுப்பது போல இருக்கும்: தண்ணீர்க் குழாய் பழுது, சரிசெய்தாயிற்று, வேறு இல்லை. மகள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, தன்னைச் சொல்லும்போது பையன்கள் சொல்லும் ‘நான்’ஐச் சொல்கிறாளாம். அந்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகம் முழுக்கச் செய்தியில் வந்தபோது, மனைவியிடமிருந்து கம்பெனிக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. ‘உயிரோடு இருக்கிறீர்களா? ஆம், இல்லை, ஒன்றை வட்டமிட்டு அனுப்பவும்.’ மோரியாமா வட்டமிட்டு அனுப்பினார்.

மகளின் குரலைக் கேட்க வேண்டும், ஒரு கேசட்டில் பேசி அனுப்பு என்று அவர் கடிதம் எழுதியதற்கு, ஜூன் மாதம் ஒரு கேசட் வந்தது. பேச்சு இல்லை. அங்கே அப்போது இளசுகள் ஆடிக்கொண்டிருந்த பதினொரு பாட்டுகள். ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மகளின் குரல், ‘சரி, அடுத்தது’ என்று மட்டும் வந்தது. இருவரும் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார்கள். என்ன பாடுகிறார்கள் என்று மோரியாமா கேட்டார். பாதி இங்கிலீஷ், பாதி எதுவென்றே புரியவில்லை என்று கோதண்டம் ஒப்புக்கொண்டார். அகராதியில் தேடினார். எனக்கும் புரியவில்லை என்றார் மோரியாமா. அப்புறம் அவர், பாட்டை விட்டுவிட்டு, ‘சரி, அடுத்தது’ வருகிற இடங்களை மட்டும் ஓட்டி ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோதண்டத்துக்கு ஓர் ஆசை இருந்தது. வருஷத்துக்கு ஒரு தொழிலாளியை, ஆறு மாதப் பயிற்சிக்குக் கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பும். அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டும். சம்பளமோ பிரமோஷனோ அவர் மனதில் இல்லை. பதினோரு வருஷம் சுவரோடு பேசிய மொழியை, கடைக்காரனும் பஸ் கண்டக்டரும் எதிர்வீட்டுக்காரரும் பேசுகிற ஊரில் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். ‘இன்னிக்குக் காத்து இதமா இருக்கு’ என்று வழியில் போகிற யாரிடமாவது சொல்லி, அதற்கு ஒரு பதில் வாங்க வேண்டும். அவ்வளவுதான். யாரை அனுப்புவது என்பதைத் தலைமை அலுவலகத்து டைரக்டர் நேரில் வந்து தீர்மானிப்பார். மேயில் வருவதாக இருந்தவர் ஊர் நிலவரம் கேட்டு ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தார். மோரியாமா சிபாரிசு எழுதியிருந்தார். அதில், கோதண்டத்தின் ஜப்பானியம் மிகவும் அழகானது என்று இருந்தது.

ஆகஸ்டில் டைரக்டர் குரோசாகி வந்தார். கூட இரண்டு அதிகாரிகளும், வெளிநாட்டுப் பிரிவைச் சேர்ந்த மிஸ் அசானோ என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணும். ஒரு பெண்ணை மேற்பார்வைக்கு அனுப்புவது அந்தக் கம்பெனியில் அதுவே முதல் தடவை. அவள் பேன்ட் போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் கைவிட்டபடி, மெஷின்களைச் சுற்றி வந்தாள். இரண்டாவது பிரஸ் லைனைத் தொடங்கிவைக்கும் விழா. நடேசன் மைக்கைப் பிடித்தார்.

“கடல் கடந்து வந்த எம் உடன்பிறப்புகளே! இந்த இரண்டாவது லைன், ஆசியக் கண்டத்தின் விடிவெள்ளி!”

கோதண்டம் மொழிபெயர்த்தார். இந்த நாளுக்காக ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருந்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நடேசனின் பேச்சு முடிகிற வரை துடைத்துக்கொண்டே இருந்தார். மற்ற இரண்டு பேரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் அசானோ மட்டும், வாயைக்கூடப் பொத்தாமல், சிரித்துவிட்டாள். தன் நகைச்சுவை ஜப்பானுக்கும் புரிகிறது என்று நடேசன் மகிழ்ந்து, எழுதிவைத்திருந்ததற்கு மேலும் பத்து நிமிஷம் பேசினார். மோரியாமா யாரையும் பார்க்கவில்லை.

விழா முடிந்ததும் மிஸ் அசானோ கோதண்டத்தைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“உங்களுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுத்தது யார்?”

“ஒரு டீச்சரம்மா.”

“நினைத்தேன். நீங்கள் பேசுவது பெண்கள் பேசுவது. எங்கள் மொழியில் ஆண்களுக்கு ஒரு பேச்சு, பெண்களுக்கு ஒரு பேச்சு. நீங்கள் பேசுகிற இந்தப் பேச்சை என் அம்மா விட்டே பத்து வருஷம் ஆகிறது. பழைய டெலிவிஷன் தொடரில்தான் கேட்கலாம்.”

“அப்படியா, கஷிரா.”

“அதுதான். அந்தக் கஷிராவை எந்த ஆணும் சொல்ல மாட்டான். நானே சொல்ல மாட்டேன்.”

அவள் குரலில் கேலி இல்லை. மெஷினில் ஒரு பழுதைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். நடேசன் முழங்கிய விடிவெள்ளி டைரக்டர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று கோதண்டம் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். ‘அடியம்மா, நம்ம ரெண்டாவது லைன் இருக்கே, அது ஆசியாவுக்கே வெள்ளி முளைச்ச மாதிரிங்க. முளைச்சிருக்குமோ என்னமோ, போங்க, எனக்கென்ன தெரியும்.’ அந்த இறங்கிய மீசையோடு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, அவர் அப்படித்தான் நாற்பது நிமிஷம் பேசியிருந்தார்.

ஜப்பான் பயணம் மெயின்டெனன்ஸ் வெங்கடேசனுக்குப் போயிற்று. வெங்கடேசனுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஹை’ என்ற ஒரு சொல் தெரியும். ஒன்றும் தெரியாதவனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கலாம், தெரிந்ததை மறக்கவைப்பதுதான் கஷ்டம் என்று டைரக்டர் சொன்னதாக உத்தரவில் இருந்தது. அந்த உத்தரவைத் தமிழில் பெயர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும் வேலை கோதண்டத்துக்கு வந்தது.

விஷயம் ஒரே ஷிஃப்டில் லைன் முழுக்கப் பரவியது. மாரி டீ நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இன்னாண்ணே, இவ்ளோ நாளா நீ பொம்பள கணக்காவா பேசிகினு இருந்த?”

“ஆமாம்.”

“ஜப்பான்காரரு ஒரு வார்த்த சொல்லலியா?”

 கோதண்டத்துக்கும் அந்த ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. நடேசனோ அசரவில்லை. தாய்மொழி என்றால் தாய் பேசுகிற மொழிதானே, இதில் குறை என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, கசிவு பற்றிய நோட்டீஸை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கோதண்டம் கெஸ்ட் ஹவுஸுக்குப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை, குடையைப் பிடித்துக்கொண்டு மோரியாமாவே அவர் அறைக்கு வந்தார். முனியம்மாள் தன் வீட்டு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். மோரியாமா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

“முதல் நாளே சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு அவசரம்” என்றார்.

“மறுநாள்?”

“மறுநாள் அவசரம் இல்லை. சொல்ல மனசு வரவில்லை.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கல்யாணம் ஆன புதிதில் மனைவி அப்படித்தான் பேசுவாளாம். மழை வருமோ என்னமோ, குடை எடுத்துக்கிட்டீங்களா, இந்த மீன் உங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ. அவர் காலையில் இருட்டோடு போய் ராத்திரி வருகிற கம்பெனி ஆளாகவே இருபது வருஷம் இருந்துவிட்டார். அந்தப் பேச்சு எந்த வருஷத்தில் நின்றுபோனது என்று அவருக்குத் தெரியாதாம். மகள் அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொடிமரத்தடியில் அது மறுபடியும் காதில் விழுந்தது. “ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அதற்காக உங்கள் பயணத்தைக் கெடுத்துவிட்டேன்” என்று சொல்லி, முதல் நாள் குனிந்ததைவிட அதிகமாகக் குனிந்தார்.

கோதண்டத்துக்குக் கோபப்பட வேண்டும் போல இருந்தது. கோபப்படுவதற்கு ஏற்ற ஜப்பானியச் சொற்கள் கேசட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும்தான் இருந்தன. அவற்றைச் சொன்னால் இன்னும் கேவலம். ஆம்பிளைப் பேச்சைச் சொல்லிக்கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியம் வரை பாடம் நடந்தது. அது எளிதாகத்தான் இருந்தது, பாதியை வெட்டிவிட்டால் போதும். ‘சாப்பிடலாமா’ என்பது ‘தின்’ என்று ஆயிற்று. ‘வெயிலில் வந்தீர்களே’ என்பதற்கு ஈடாக ஒன்றுமே இல்லை. ஆண்கள் அதைச் சொல்வதில்லை என்றார் மோரியாமா. ஒரு மணிக்கு, புதிதாகப் படித்த பேச்சில், “பசிக்கிறது” என்றார் கோதண்டம். யாரையோ அதட்டியது போல இருந்தது. “ம்” என்றார் மோரியாமா. அதற்கு மேல் பேச இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து போகிற சத்தம் கேட்டது. கடைசியில் கோதண்டம்தான், கெஸ்ட் ஹவுஸில் தயிர்சாதம் புளித்துப்போயிருக்குமோ என்னமோ, என்று பழைய பேச்சிலேயே சொன்னார். மோரியாமா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்டோபரில் மோரியாமாவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அடுத்து வந்த ஜப்பானியர் நுங்கம்பாக்கத்தில் தங்கிக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும்; மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. கோதண்டம் பழையபடி டைம் ஆபீஸில் கார்டு பஞ்சிங் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று. கேசட்டைப் போட்டால், மருமகள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் இப்போது பொம்பளைக் குரலில்தான் கேட்டது. நிறுத்திவிட்டார்.

நவம்பரில் அவர் மோரியாமாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வீட்டு விலாசம் மட்டும்தான் இருந்தது. ஆம்பிளை நடையில் மூன்று தடவை எழுதினார். மூன்றும் மெஷின் மேனுவல் போல இருந்தன: மழை பெய்தது, ஏரி நிரம்பியது, லைன் ஓடுகிறது. கிழித்துப் போட்டார். நாலாவது தடவை தனக்குத் தெரிந்த நடையிலேயே எழுதினார். உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள், அந்தப் பக்கமாகப் போனால் மனசு என்னமோ செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பொழுது நகர மாட்டேன் என்கிறது. அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களோ என்னமோ, ஒன்பது மாசம் பேசிப் பழகிவிட்டு இப்போது பேச்சில்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, கஷிரா. அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதி, கீழே ‘கோதண்டம்’ என்று கையெழுத்துப் போட்டார். அது ஆணின் பெயரா பெண்ணின் பெயரா என்று ஜப்பானில் யாருக்கும் தெரிய வழியில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

டிசம்பர் மூன்றாம் வாரம் பதில் வந்தது. சூப்பர் மார்க்கெட்டின் பெயர் அச்சடித்த குறிப்புத் தாளில், வெட்டு வெட்டாக ஐந்து வரி. எழுதியிருந்தது மோரியாமாவின் மனைவி. கடிதத்தைத் தான் பிரித்ததாகவும், அந்த ஒன்பது மாசத்தைப் பற்றிக் கணவரிடம் எதுவும் கேட்கப்போவதில்லை என்றும், இனி எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். நீங்களும் ஒரு பெண், புரிந்துகொள்வீர்கள் என்று முடித்திருந்தாள்.